ஒப்பீட்டு ஊர்க்காரி

என் அண்ணன் பெண்டாட்டி எனிஃபாவைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் அவள் வாயிலிருந்துதான் தொடங்குவேன். அந்த வாய்க்குப் பயப்படாத ஆள் அவளுடைய ஊரான நம்போண்டாவில் கிடையாது. ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் சிம்வாலாவிலும் கிடையாது. ஒரு சாவு வீட்டில் பெண்களெல்லாம் கூடிப் பெரிய பானைகளில் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தோம். எனிஃபா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். "கட்டி தட்டிப் போச்சு. நல்லவேளை, செத்தவரு இதைத் திங்கல" என்றாள். செத்தவருடைய பெண்டாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சர்ச்சுப் பாட்டுக் குழுவிலிருந்து அவளை நீக்கியபோதும் இதே கூத்துதான். "நானே போகலாம்னுதான் இருந்தேன். உங்க சுதியில நின்னு நின்னு என் காது ரெண்டும் போச்சு" என்று போதகர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

இப்படி ஒருத்தி என் அண்ணன் வைசனுக்கு வாய்த்தாள். வைசன் பரம சாது. எங்கள் பக்கம் ஆண்பிள்ளைதான் கல்யாணமாகிப் பெண்டாட்டி ஊருக்குப் போவான். எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளைதான், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டோடு மாப்பிள்ளைக்கும் வீட்டு மாட்டுக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா? அவள் வயலைக் கொத்துவான், அவள் கூரையை வேய்வான், அவள் திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வான். என் பிள்ளைகளுக்கு அவன்தான் தாய்மாமன். அவர்களுக்கு நல்லது கெட்டது எதுவானாலும் அவன் வந்து உட்கார்ந்து பேசினால்தான் நடக்கும். அதனால் மாதத்தில் பாதி நாள் ஓடையைத் தாண்டி எங்கள் ஊருக்கு வருவான். அவன் வந்தால் பின்னாலேயே இவளும் வருவாள்.

நான் அவளுக்கு நாத்தனார். இதற்கு மேல் எங்கள் உறவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன். அவள் அந்த வாயோடு பிறக்கவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே மாமரத்தடியில் உட்கார்ந்தவள். ஒரு வாத்தியாருக்கு நூற்றுக்கு மேல் பிள்ளைகள். முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்கும், பின்வரிசைக்குக் காக்கை கத்துவது கேட்கும். எனிஃபா பின்வரிசை. அதிலேயே முட்டி மோதி ஐந்தாம் வகுப்பு வரை வந்தாள். அப்பா செத்ததும் நின்றுவிட்டாள். புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு மண் கொத்தப் போனாள். கல்யாணமானது, மூத்தவன் ஃபோஸ்டினோ பிறந்தான். அவனும் அதே மாமரத்தடிக்குப் போனான், மூன்று வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே கிடந்தான். மூன்றாம் வருஷமும் தேறவில்லை என்றதும் எனிஃபா மண்வெட்டியும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாத்தியாருக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை மண்டியிட்டு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். அவள் நின்றபடியே கேட்டாள்.

"மூணு வருஷமா உம்ம முன்னால உக்காந்திருக்கான் என் புள்ள. அவன் பேர் என்னன்னு சொல்லும் பாப்போம்."

வாத்தியார் யோசித்தார். "பின்னால உக்காருவானே, அவன்தானே?" என்றார்.

ஃபோஸ்டினோ அதோடு நின்று யாரோ ஒருவருடைய மாடுகளை மேய்க்கப் போய்விட்டான். எனிஃபாவின் வாய் முழுசாகத் திறந்தது அதற்கப்புறம்தான். கடைக்குட்டிப் பெண் மெர்விஸ் அப்போது கைக்குழந்தை.

மெர்விசுக்கு நாலு வயது ஆனபோது கல்லூரியிலிருந்து டாக்டர் சிராம்போ வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கின டாக்டர். வெள்ளை வண்டி, நல்ல சட்டை, மெதுவான பேச்சு. பள்ளிக்கூடம் போவதற்கு முந்தின வயதுப் பிள்ளைகளுக்குப் பால்வாடி வைத்து, பயிற்சி பெற்ற ஆள் போட்டு, தினம் கஞ்சி ஊற்றினால் பிள்ளைகள் பின்னால் நன்றாகப் படிப்பார்களா என்று ஆராயப் போகிறாராம். எங்கள் ஓடைக்கரை முழுக்க ஊர்களை இரண்டிரண்டாகச் சேர்த்திருந்தார். அக்கரையில் ஒன்று, இக்கரையில் ஒன்று. சிம்வாலாவுக்கு ஜோடி நம்போண்டா. இரண்டு ஊர்த்தலைவிகளையும் கூப்பிட்டு, மூடின வாளிக்குள் கையை விட்டு ஆளுக்கொரு பாட்டில் மூடியை எடுக்கச் சொன்னார். எங்கள் தலைவி கையில் சிவப்பு வந்தது. நம்போண்டாக்காரிக்கு வெள்ளை.

சிவப்பு என்றால் பால்வாடி வரும். வெள்ளை என்றால் ஒன்றும் வராது. அதற்குப் பேர் ஒப்பீட்டு ஊர்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு ஊர்ப் பிள்ளைகளையும் சோதிப்போம். சிம்வாலாப் பிள்ளைகள் முந்தி நின்னா இந்தத் திட்டம் தொடரும், மத்த ஊருக்கும் வரும். பால்வாடியம்மாவுக்கு மாசச் சம்பளமும் உண்டு. வித்தியாசம் தெரியலேன்னா பணம் குடுக்கறவங்க நிறுத்திடுவாங்க."

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு முடித்தவள் நான் ஒருத்திதான். பால்வாடியம்மா நான்தான். மாசச் சம்பளம் என்ற வார்த்தையை என்னைப் பார்த்து யாரும் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சிரிப்பாக வந்தது.

கூட்டம் கலையும் நேரத்தில் எனிஃபா எழுந்தாள். மண்டியிடவில்லை.

"அப்போ எங்க புள்ளைங்க எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்கும்மா."

"அதாவது, இவங்க புள்ளைங்க எவ்வளவு உயரம்னு காட்டறதுக்கு எங்க புள்ளைங்க குட்டையா நிக்கணும்."

"அப்படி இல்ல. நீங்க எப்பவும் போல இருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். சோதனைக்கு வரும்போது வீட்டுக்கொரு சோப்பு தருவோம்."

"சோப்பா!" என்று எனிஃபா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்களாடி? புள்ளைங்க முட்டாளா இருந்தாலும் பரவாயில்லையாம், சுத்தமா இருக்கணுமாம்."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், என்ன செய்வார் பாவம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வாழ்க்கையில் ஒரு நல்லது நடந்த அன்றைக்கும் கூட்டத்தை இவள்தான் கொண்டுபோனாள்.

என்னை நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளையைக் கேள்வி கேட்டுவிட்டு அது பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள், அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பாடம். பாட்டில் மூடி வைத்து எண்ணுவது, களிமண்ணில் எழுத்து உருட்டுவது, சோளத்தட்டையில் வண்டி செய்து எது பெரியது எது சின்னது என்று பிள்ளைகளையே சொல்ல வைப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டு. ஊருக்குத் திரும்பினேன், புல் வேலி போட்டுப் பால்வாடி திறந்தேன். கஞ்சி மாவு லாரியில் மூட்டை மூட்டையாக வந்தது.

திறந்த முதல் வாரமே எனிஃபா வந்துவிட்டாள். வைசன் என் வீட்டுக் கூரையைச் சரிசெய்ய வந்திருந்தான். இவள் ஒரு கூடை வேர்க்கடலையோடு பால்வாடி வேலிக்கு வெளியே நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். மடியில் மெர்விஸ். மறுநாளும் வந்தாள். கூரை வேலை முடிந்தது, அப்புறமும் வந்தாள்.

"என்ன அண்ணி, உங்க ஊர்ல கடலை உரிக்க நிழல் கிடையாதா?" என்று கேட்டேன்.

"நிழல் இருக்கு. உன் பாட்டு அங்க கேக்காதே. ஆடு கத்தற மாதிரி நீ பாடறதைக் கேட்டா எனக்கு வேலை அலுப்பு தெரியல."

"அப்படின்னா காசு வைங்க."

"ஆட்டுக்கு எவளாவது காசு வைப்பாளா?"

அண்ணனுக்கு நாங்கள் உப்பில்லாத சோறு போடுகிறோமா, அவன் காதில் ஏதாவது ஓதுகிறோமா என்று வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நாத்தனார் வீட்டு வாசலில் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் வேறு எதை நினைப்பது? வேண்டுமென்றே அண்ணனுக்கு நல்ல மீனாகப் பொரித்து அவள் கண்ணெதிரே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

மழைக்காலம் வந்தது, அவள் வருவது நின்றது. சனியன் விட்டது என்று இருந்தேன்.

அறுவடைக்கு முன்னால் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்து அவனைப் பார்க்க நம்போண்டாவுக்குப் போனேன். வீட்டில் அவன் மட்டும் சுருண்டு படுத்திருந்தான். "அண்ணி எங்கே?" என்றதற்குக் கையை நீட்டிக் காட்டினான். ஊர்க் கோடியில் பெரிய ஆலமரத்தடியில் சத்தம் கேட்டது. போனேன். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே எனிஃபா. பாட்டில் மூடி, களிமண், சோளத்தட்டை வண்டி எல்லாம் என்னுடையது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பையனைக் கேள்வி கேட்டுவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். எனிஃபா! வாயை மூடிக்கொண்டு! என் கண்ணை நானே நம்பவில்லை.

அப்புறம் பாட்டு தொடங்கியது. பாடுவதற்கு முன்னால் எனிஃபா இடது காதைத் தடவினாள். உடனே எல்லாப் பிள்ளைகளும் இடது காதைத் தடவிக்கொண்டார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து இடது காதில் வலி உண்டு. பாடுவதற்கு முன்னால் என்னை அறியாமல் கை அங்கே போகும். நகரத்துப் பயிற்சியில் காது கிடையாது. காது என்னுடையது. அதையும் பாடத்தோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள்.

"திருடி!" என்று கத்தினேன். பிள்ளைகள் மிரண்டு திரும்பின.

"மெதுவா பேசு. புள்ளைங்க இருக்குதுல்ல."

"என் பாட்டு! என் விளையாட்டு! எனக்குப் பயிற்சி குடுத்தாங்க, நீ வேலி ஓரமா உக்காந்து சுருட்டிக்கிட்டு வந்துட்டியே, வெக்கமா இல்ல?"

"உன் பாட்டு உன் வாயிலதானே இருக்கு? நான் என்ன பிடுங்கிக்கிட்டா வந்தேன்?"

"மாவு? மாவு எங்கேருந்து வந்துச்சு? எங்க மூட்டையில கை வெச்சியா?"

அதைக் கேட்டதும் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "வாடி, வந்து பாரு" என்று என் கையைப் பிடித்து அடுப்பருகே இழுத்துப் போனாள். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் பிள்ளையோடு ஒரு கோப்பை மக்காச்சோளம் அனுப்ப வேண்டும், தராவிட்டால் எனிஃபா அவர்கள் வாசலில் போய் நின்று ஊர் சிரிக்கத் திட்டுவாள். சோயாவும் கடலையும் அவள் சொந்த வயலிலிருந்து வந்தது. "உங்களுக்கு லாரியில வருது. எங்களுக்கு முதுகுல வருது. போய்ச் சொல்லு உன் டாக்டர்கிட்ட."

சொன்னேன். டாக்டரிடம் நேராகச் சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிற பேட்சன் என்ற களப்பணியாளனிடம் சொன்னேன். ஒப்பீட்டு ஊர்க்காரி என் பாடத்தையெல்லாம் திருடி நடத்துகிறாள், இப்படிப் போனால் வித்தியாசமே தெரியாது, போய்ப் பார் என்று கெஞ்சினேன். அவன் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"அந்த ஊர்ல பயிற்சி வாங்கின ஆள் யாராவது இருக்காங்களா?"

"இல்ல. ஆனா..."

"திட்டத்து மாவு போகுதா?"

"போகல."

"அவ்வளவுதான் என்னைக் கேப்பாங்க. வேலி ஓரமா உக்காந்து பாத்தாங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு எதுக்குக்கா வம்பு?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் சம்பளம் மாசாமாசம் வந்துகொண்டிருந்தது, அவனுக்கென்ன?

நான் இன்னும் கெட்டியாக உழைத்தேன். எங்கள் பிள்ளைகள் முந்த வேண்டும், அவ்வளவுதான். பொழுது விடிந்தால் பால்வாடி. எனிஃபா ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தால் நான் இரண்டு சொல்லிக்கொடுத்தேன். அந்த இரண்டும் அடுத்த வாரமே ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டது. எப்படிப் போனதென்று தேடிப் பார்த்தால் என் அண்ணன்! மழைக்குப் பிறகு மறுபடி என் கூரையை வேய வந்தவன் மேலே உட்கார்ந்து கேட்டுவிட்டு வீட்டில் போய்ப் பாடிக் காட்டியிருக்கிறான், அந்தச் சாது.

இரண்டு வருஷம் முடிந்தது. நகரத்துப் பெண்கள் வந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் படம் காட்டிக் கேள்வி கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம்போண்டாவில் என்ன நடந்தது என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. அங்கே வீட்டுக்கொரு சோப்பு கொடுத்தார்களாம்.

மறுபடி மக்காச்சோளம் முற்றும் நேரத்தில் டாக்டர் வந்தார். இரண்டு ஊரையும் சேர்த்து எங்கள் பால்வாடி முன்னால் கூட்டம் போட்டார்கள். நான் புதுச் சித்தெஞ்சேத் துணி இடுப்பில் சுற்றி முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

டாக்டர் அதே மெதுவான குரலில் சொன்னார். "ரெண்டு ஊர்ப் பிள்ளைகளும் நல்லா வளர்ந்திருக்காங்க. ஆனா ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் தெரியல. இந்த ஓடைக்கரை முழுக்க அப்படித்தான் இருக்கு. பால்வாடி வெச்சாலும் வெக்காட்டியும் ஒண்ணுதான்னு பணம் குடுக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்க. இந்த மாசத்தோட மாவு நிக்கும்."

"சம்பளம்?" என்று கேட்டேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா."

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து எனிஃபாவைக் கை நீட்டிக் காட்டினேன். "வெக்காட்டியும் ஒண்ணுதானா? எங்க வெக்காம இருந்தாங்க? இவ எல்லாத்தையும் என்கிட்டேருந்து திருடி அங்க நடத்துறா! ஐயா, அந்தப் புள்ளைங்களைப் பாடச் சொல்லிப் பாருங்க. பாடறதுக்கு முன்னால காதைத் தடவும். அது என் காது வலி ஐயா!"

கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது.

டாக்டர் எனிஃபாவைப் பார்த்தார். "உண்மையாம்மா?"

அவள் இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் வாழ்க்கையில் எதையாவது இன்னொருத்தியிடமிருந்து வாங்கினதாக ஒப்புக்கொண்டதே கிடையாது. உப்பு கடன் வாங்கினால்கூட, "உங்க வீட்ல உப்பு ஈரமாயிடும்னுதான் எடுத்துட்டுப் போறேன்" என்பாள். அப்படிப்பட்டவள் எழுந்து நின்றாள்.

"உண்மைதான். பாட்டு அவளோடது. விளையாட்டு அவளோடது. புள்ளைய எப்படிக் கேள்வி கேக்கறதுன்னு அவளைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. காதைத் தடவறதும் பாடம்னுதான் நெனச்சேன்." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "அவ நல்லாச் சொல்லிக் குடுத்தா. ரெண்டு ஊருக்குச் சேத்துச் சொல்லிக் குடுத்திருக்கா. அவளுக்குச் சம்பளத்தைக் குடும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தபோது மெதுவான குரல் போய்விட்டிருந்தது. "என்ன காரியம்மா பண்ணீங்க? எப்பவும் போல இருங்கன்னுதானே சொன்னேன்? உங்களை மாதிரி எல்லா ஊர்லயும் பண்ணியிருப்பாங்க போல. இத்தனை வருஷ ஆய்வு, அறிக்கை போயாச்சு, இனி திரும்பக் கேக்க முடியாது. பேசாம இருந்திருந்தா வித்தியாசம் தெரிஞ்சிருக்கும். உங்க ஊருக்கும் பால்வாடி வந்திருக்கும்."

"எப்போ வந்திருக்கும்?"

"இப்போ முடிவு தெரிஞ்சு, பணம் வந்து, ஆள் எடுத்து... இன்னொரு ரெண்டு வருஷத்துல."

"அப்போ மெர்விசுக்கு எட்டு வயசு" என்றாள் எனிஃபா. "அவகிட்ட நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும் ஐயா. நாங்க ஆராய்ஞ்சு முடிக்கறவரைக்கும் நீ வளராம இருன்னு."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். கல்லூரிக்காரர்கள் எங்கள் ஓடையை ஒரு கோடு என்று நினைத்துக்கொண்டார்கள். அது எங்களுக்கு அக்கா வீட்டுக்கும் பெண்டாட்டி வீட்டுக்கும் நடுவே தினம் காலை நனைக்கிற தண்ணீர். அந்தப் பக்கம் மாப்பிள்ளை போகாத குடும்பம் இந்தப் பக்கம் ஒன்று கிடையாது. இது தெரியாமலா இத்தனை வருஷம் படித்தார்? ஆனால் அவர் வண்டியில் போய்விட்டார். எரிச்சலைக் கொட்ட மிச்சமிருந்தது எனிஃபா ஒருத்திதான்.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஓடை வரை அவளைத் துரத்திக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாயே, பாவி என்றார்கள். நான் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். சேற்றில் விழுந்தாள். அவள் எனக்காக நல்ல வார்த்தை பேசி அரை நாழிகைகூட ஆகியிருக்காது, ஆனாலும் தள்ளினேன். அந்த வார்த்தையை வைத்து நான் என்ன கஞ்சி காய்ச்ச முடியும்?

அவள் எழுந்து துணியை உதறினாள். "உங்க மாவு தீந்ததும் தோக்கோவை அனுப்பு" என்றாள். தோக்கோ என் கடைசிப் பெண், நாலு வயது.

"என் பொணம்கூட உன் ஊருக்கு வராது" என்று கத்தினேன்.

மாவு தீர்ந்தது. வீடு வீடாகப் போய் ஒரு கோப்பை மக்காச்சோளம் கேட்டேன். "லாரி வராதா?" என்றார்கள். "சம்பளமில்லாம நீ எதுக்குடி மாரடிக்கற?" என்றார்கள். இரண்டு வருஷம் சும்மா வந்ததற்குப் பழகிவிட்டார்கள். எனிஃபாவைப் போல வாசலில் நின்று மானத்தை வாங்க எனக்கு வாயும் இல்லை. பால்வாடி வேலியை யாரோ அடுப்பெரிக்கப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் மறுபடி வயல் வரப்புகளில் கிடந்தன. தோக்கோ எங்கே போனாலும் என் பின்னாலேயே வந்து, "இன்னிக்கும் பாட்டு இல்லையா?" என்று நச்சரித்தாள். ஒரு நாள் கோபத்தில் அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு கோப்பை மக்காச்சோளத்தை அளந்து துணியில் முடிந்தேன். போகிற வழியில் அடிபம்பு வரிசையில் என் குடத்தை வைத்தேன், தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் பார்த்தார்கள்.

"எங்க ரோதா, விடிஞ்சும் விடியாம?"

"நம்போண்டாவுக்கு."

"அண்ணனைப் பாக்கவா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தோக்கோவைப் பால்வாடியில விட" என்றேன்.

ஒருத்தி என் குடத்தை வரிசையிலிருந்து காலால் எத்தினாள். "சம்பளத்தைக் கெடுத்தவ காலிலேயே போய் விழு" என்று சொல்லிக் காறித் துப்பினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நேற்று வரை நானும் அவர்களோடு நின்று துப்பியவள்தான். உருண்ட குடத்தை எடுக்காமல் தோக்கோவை முதுகில் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினேன்.

ஆலமரத்தடியில் கூட்டம் நிறைந்திருந்தது. மெர்விஸ் இப்போது பள்ளிக்கூடத்தில் முன்வரிசையாம், அண்ணன் சொன்னான். எனிஃபா ஒரு கையால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு மறு கையால் இரண்டு பிள்ளைகளின் சண்டையை விலக்கிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போய் நின்றேன். அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. முடிச்சை வாங்கி அவிழ்த்து, சோளத்தில் கையை விட்டுத் துழாவி, வண்டு இருக்கிறதா என்று பார்த்தாள்.

தோக்கோ என் முதுகிலிருந்து வழுக்கி இறங்கி வட்டத்துக்குள் ஓடிவிட்டது. நான் திரும்பி நடக்கத் தொடங்கினேன்.

"எங்க போற?" என்று பின்னாலிருந்து எனிஃபா கத்தினாள். "இத்தனையையும் நான் ஒருத்தி எப்படிப் பாப்பேன்? பயிற்சி வாங்கினவ நீயா நானா?"

"சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன், திரும்பாமல்.

"ஒண்ணும் கிடையாது."

"அப்போ எதுக்கு வரணும்?"

"எனக்குப் பாதிதான் தெரியும், ரோதா" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு தாழ்வை நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு கணம்தான். "சின்னதுங்களுக்கு நீ என்ன சொல்லிக் குடுப்பேன்னு வேலி ஓரத்துலேருந்து எனக்குச் சரியாத் தெரியல. சும்மா மரம் மாதிரி நிக்காத, நாளையிலேருந்து வெயில் ஏறறதுக்கு முன்னாடியே வந்துடு. இன்னிக்கே லேட்டு."

அவளை நான் மன்னிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளை ஒரு பக்கமாகப் பிரித்து உட்கார வைத்தேன்.